பாதிப் பாட்டு

பிப்ரவரி 6

இனிச் சந்தேகமே இல்லை என்று எமல்டா மேடம் இன்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். இந்தப் பறவை உலகத்தில் வேறெங்கும் கிடையாது. இந்தத் தீவில் மட்டும்தான் இருக்கிறது, இத்தனை காலமும் யார் கண்ணிலும் படாமல்.

சொன்ன கையோடு மூக்கைச் சிந்திக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்விட்டார். எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் பறவைப் பிரிவுக்கே தலைவர் அவர். ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம். கோபப்பட்டுப் பார்த்திருக்கிறேன், அழுது பார்த்ததில்லை. எனக்கும் ஏதாவது ஆக வேண்டும் என்று எதிர்பார்த்தேன். பசிதான் எடுத்தது.

தீவு என்று பெரிதாகச் சொல்கிறேன். காலையில் சுற்றக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். அந்தமானிலிருந்து சரக்குப் படகு எப்போதாவது வரும். வரைபடத்தில் ஏதோ வெள்ளைக்காரக் கப்பல்காரன் பெயர் போட்டிருக்கிறது, இங்கே எல்லோருக்கும் இது குட்டித்தீவு. எல்லோரும் என்றால் நான்கு பேர்: மேடம், அவருடைய உதவியாளனான நான், கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் சூசை அண்ணன், அவர் மனைவி லூர்தக்கா. இரண்டு பேரும் தூத்துக்குடிப் பக்கம். லூர்தக்கா தன் கோழிகளையும் சேர்த்துத்தான் கணக்குச் சொல்வாள்.

பறவை ஒரு ஈப்பிடிப்பான். சிட்டுக்குருவியைவிடச் சின்னது. சாம்பல் முதுகு, கருப்பட்டி நிறத் தொண்டை. எப்போதும் ஜோடியாகத்தான் இருக்கும். ஆண் மூன்று சுரம் பாடி நிறுத்தும், பெண் இரண்டு சுரம் பாடி முடித்து வைக்கும். கேட்பவருக்கு ஒரே பறவை பாடுவதுபோலத்தான் இருக்கும்.

பிப்ரவரி 8

சாப்பாட்டு நேரத்தில் மேடத்துடன் சின்ன வாக்குவாதம். புதுப் பறவை என்று உலகத்துக்குச் சொல்ல வேண்டுமானால், ஒன்றைக் கொன்று, பஞ்சு அடைத்து, அருங்காட்சியகத்தில் வைப்பதுதான் வழக்கம். மேடம் மாட்டேன் என்கிறார்.

"ஒரு சொட்டு ரத்தம், ரெண்டு எறகு, போட்டோ. அது போதும். கொன்னுட்டுப் பேரு வைக்கதுக்கு நான் வரல்ல, கேட்டியா."

"உடல் இல்லேன்னா கட்டுரைய ஏத்துக்க மாட்டாங்க மேடம். வருஷக்கணக்குல இழுத்தடிப்பாங்க. ஒண்ணே ஒண்ணுதானே?"

மேடம் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "இந்தத் தீவுல மொத்தமே எத்தன ஜோடி இருக்குன்னு தெரியுமா ஒனக்கு?" என்றார். தெரியாது. அவருக்கும் தெரியாது. அதனால்தான் மாட்டேன் என்கிறார்.

லூர்தக்கா எனக்கு இரண்டாவது முட்டையை வைத்தாள். "புது மாப்ள, நீங்க தின்னுங்க. பறவையப் பத்தி மேடம் பாத்துக்கிடுவாவ." வைகாசியில் எனக்குக் கல்யாணம் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு இதுதான் பெயர். தணிகைவேல் என்று ஒருவன் இருந்ததே அவளுக்கு மறந்துவிட்டது.

பிப்ரவரி 10

வலை கட்டும் வேலை என்னுடையது. மெல்லிய நைலான் வலை, இரண்டு கம்புக்கு நடுவே நிழலில் கட்டினால் பறவைக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. விழுந்த பறவையை எடுத்து, அளந்து, காலில் வளையம் போட்டு, ஒரு சொட்டு ரத்தம் எடுத்துவிட்டுப் பறக்க விட வேண்டும். ஒரே சட்டம்தான்: வலையை விட்டு ரொம்ப நேரம் தள்ளி இருக்கக் கூடாது. சின்னப் பறவை, தலைகீழாகத் தொங்கும், வெயில் ஏறினால் தாங்காது. முதல் நாள் வேலைக்குச் சேர்ந்தபோது மேடம் சொன்ன முதல் வாக்கியம் இதுதான்.

வடக்குப் பாறையில் ஏறி நின்றால் போனில் சிக்னல் கிடைக்கிறது. மஞ்சுளாவிடம் பேசினேன். அவள் அப்பாவுக்குக் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் என்ன போடுவது என்று கவலையாம். உதவியாளர் என்று போட்டால் நன்றாக இருக்காதாம். "பெரிய மாப்பிள்ளைக்கு இன்ஜினீயர்னு போட்டாங்க இல்ல" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. சுருக்கென்றதை அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 12

காலையில் தெற்குப் பாதை ஓரம், புன்னை மரத்தடியில், பெண் பறவை ஒன்று இறந்து கிடந்தது. நான்தான் பார்த்தேன். கொண்டுவந்து மேடத்திடம் கொடுத்தேன். காயம் எதுவும் இல்லை.

இன்று வெயில் அதிகம். வலையை அவிழ்த்துத் துவைத்துக் காயப்போட்டேன். துவைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இருந்தாலும் துவைத்தேன்.

தலைவலி. இதற்கு மேல் எழுத முடியவில்லை.

பிப்ரவரி 13

மேடம் நாள் முழுவதும் அந்தப் பறவையோடுதான் இருந்தார். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இறகாக நீவி, அளவெடுத்து, பஞ்சு அடைத்துத் தைத்தார். தையல் வெளியே தெரியவே இல்லை.

"நாம கொல்லல்ல, அதுவா நமக்குக் கெடச்சிருக்கு" என்று நாலைந்து தடவை சொல்லிவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "நீ கண்ணத் தொறந்து வச்சிட்டு நடக்கப் போய்த்தான் இது கெடச்சுது. இல்லன்னா எறும்பு தின்னுருக்கும். இதுக்கு ஒம் பேருதான் வைக்கப் போறேன்" என்றார்.

வேண்டாம் மேடம் என்றேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

லத்தீனில் என் பெயர் எப்படி வரும் என்று எழுதிக் காட்டினார். அச்சில் வந்துவிட்டால் பிறகு யாராலும் மாற்ற முடியாது என்று லூர்தக்காவிடமும் சொன்னார். அழகாகத்தான் இருந்தது. அந்தக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். இதை எழுதும்போது காது சூடாகிறது.

பிப்ரவரி 14

சரக்குப் படகு வந்தது. பறவையின் உள்ளுறுப்பு மாதிரிகளைப் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பினோம்.

மஞ்சுளாவிடம் பெயர் விஷயத்தைச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். அவள் உடனே அப்பாவிடம் சொன்னாள், இனி அவர் அரக்கோணம் முழுவதும் சொல்லிவிடுவார். போனை வாங்கி, "மாப்ள, ஒரு பறவைக்கே உங்க பேரா? பத்திரிகையில படம் போட்டுடுவோம். மண்டப வாசல்ல பேனர் வக்கறோம். நீங்க ஒரு பக்கம், பறவை ஒரு பக்கம்" என்றார். என்னிடம் இவ்வளவு மரியாதையாக அவர் பேசியது இதுதான் முதல் தடவை.

சிரித்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

பிப்ரவரி 17

மேடத்துக்குத் தூக்கம் இல்லை. "நல்லா கொழுப்பு இருக்கு, எறகு சுத்தமா இருக்கு, அடிபடல்ல, பாம்பு கடிக்கல்ல. ஒரு பறவை ஏன் சும்மா செத்து வுழணும்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். பதில் சொல்ல வேண்டிய ஆள் எதிரே உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன்.

மதியம் அவர் பார்வை முற்றத்தில் மேய்ந்துகொண்டிருந்த கோழிகள்மேல் போயிற்று. லூர்தக்கா தூத்துக்குடியிலிருந்து கூடையில் கொண்டுவந்து வளர்த்த கூட்டம். சேவலுக்கு மேஸ்திரி என்று பெயர், வேலை செய்யாமல் மிரட்டிக்கொண்டே திரிவதால். சிங்காரி என்ற பெட்டை அடுப்படி மூலையில் அடைகாக்கிறது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் லூர்தக்கா சமைப்பாள், ஏதாவது பேசிக்கொண்டே.

"கோழிலேர்ந்து ஏதாவது நோய் தொத்தியிருக்குமோ?" என்றார் மேடம். "இருந்துச்சுன்னா மொத்த இனமும் போச்சு. ஒரே தீவு பாத்துக்கோ."

நான் ஏதோ சொல்ல வாய் திறந்தேன். இருமல் வந்தது. நிஜமான இருமல்தான் அது.

பிப்ரவரி 18

இந்த டைரியிலும் பொய் எழுதி வைத்திருக்கிறேன். பன்னிரண்டாம் தேதிப் பக்கத்தை இன்று திரும்பப் படித்தேன். யாரும் படிக்கப் போவதில்லை, இருந்தும் பொய். இப்போது உள்ளதை எழுதிவிடுகிறேன்.

அன்று காலை தெற்குப் பாதையில் வலை கட்டிவிட்டு வடக்குப் பாறைக்குப் போனேன். இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவதாக எண்ணம். பத்திரிகைப் பேச்சு வந்தது. உதவியாளர் என்று போடுவதா, ஆய்வாளர் என்று போடுவதா. ஆய்வாளர் என்று போடச் சொன்னேன். அதில் கொஞ்சம் சண்டை, அப்புறம் சமாதானம், அப்புறம் சமாதானமானவர்கள் பேசும் பேச்சு. கழுத்தில் வெயில் சுட்டபோதுதான் வலை நினைவுக்கு வந்தது. ஓடினேன். நிழல் விலகி, வலை முழுவதும் வெயிலில் நின்றது. வலையின் கீழ் மடிப்பில் அது தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வாய் திறந்திருந்தது. உடம்பு இன்னும் சூடாக இருந்தது, உயிரின் சூடா வெயிலின் சூடா என்று தெரியவில்லை. தண்ணீர் விட்டுப் பார்த்தேன். உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்த்தேன். மேலே கிளையில் ஆண் உட்கார்ந்து மூன்று சுரம் பாடிப் பாடி நிறுத்திக்கொண்டிருந்தது.

சிக்கெடுத்து, இறகை நீவிவிட்டு, அலகை விரலால் மூடி, புன்னை மரத்தடியில் வைத்தேன். கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பி வந்து அதைக் 'கண்டுபிடித்தேன்'. அப்படி நடந்து காட்டியது யாருக்காக? அங்கே யாரும் இல்லை. அதை நினைத்தால்தான் அதிக அவமானமாக இருக்கிறது.

நாளை மேடத்திடம் சொல்லிவிடுவேன்.

பிப்ரவரி 19

சொல்லவில்லை.

பிப்ரவரி 20

வனத்துறையிலிருந்து ஒயர்லெஸ்ஸில் உத்தரவு வந்துவிட்டது. ஆய்வக முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம், தீவில் உள்ள கோழிகளை உடனே அழித்துச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும், இனிமேல் இங்கே வளர்ப்புப் பறவை எதையும் கொண்டுவரக் கூடாது. மேடம்தான் தகவல் கொடுத்தவர். அவரே லூர்தக்காவிடம் போய்ச் சொன்னார்.

லூர்தக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "அதுகளுக்குச் சீக்கு ஒண்ணும் இல்லியே மேடம். சீக்குக் கோழின்னா எனக்குத் தெரியாமலா?" என்றாள். மேடம் அவள் தோளைத் தொட்டு, வேறு வழியில்லை என்றார். "சிங்காரி அடையில இருக்கே. குஞ்சு பொரிச்ச பொறவு…" என்று ஆரம்பித்தவள், எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

நான் அடுப்படி வாசலில்தான் நின்றிருந்தேன். ஒரு வாக்கியம் போதும். 'மேடம், அது வலையில் செத்தது.' மனசுக்குள் பல தடவை சொல்லிப் பார்த்தேன். சொன்னால் பெயர் போகும், வேலை போகலாம், பேனர் போகும், மாமனார் மறுபடி என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வார். இந்தப் பக்கம் சில கோழிகள். கோழிதானே என்று நினைத்தேன். நினைத்ததை மறைக்காமல் எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 21

சூசை அண்ணன் அறுத்தார். நான் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தேன். ஆள் போதவில்லை, மாட்டேன் என்று எப்படிச் சொல்வது.

மேஸ்திரி மட்டும் ஓடித் தப்பித்து, மறுபடி தானாகவே முற்றத்துக்கு வந்து நின்றது. சிங்காரியை அடையிலிருந்து தூக்கும்போது என் கையைக் கொத்தியது. முட்டைகளையும் குழியில் போட்டோம். சுண்ணாம்பைக் கொட்டியதும் கண் எரிந்தது, நல்லதாகப் போயிற்று.

லூர்தக்கா வெளியே வரவில்லை. மதியம் சோறு போடும்போது என் கையில் இருந்த கொத்துக் காயத்தைப் பார்த்து மஞ்சள் குழைத்துக் கொண்டுவந்து போட்டாள். "நீங்க என்ன செய்வியள் தம்பி, சொன்ன வேலையத்தானே செய்யுதிய" என்றாள். புது மாப்ள என்று கூப்பிடவில்லை.

பிப்ரவரி 22

அடுப்படி மூலையில் அடைகூடை அப்படியே இருக்கிறது. யாரும் எடுக்கவில்லை.

பிப்ரவரி 25

காலையில் எல்லோரும் வெளியே போனபின் லூர்தக்கா என்னைக் கூப்பிட்டு ஒரு தட்டை நீட்டினாள். ஆம்லெட். "அரிசிப் பானைக்குள்ள ஒண்ணு போட்டு வச்சிருந்தேன், மறந்துட்டேன். அவுகளுக்குத் தெரிய வேணாம். ஒங்களுக்குத்தான் முட்டை பிடிக்குமே."

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். சாப்பிட்டேன். உப்பு, மிளகு எல்லாம் சரியாக இருந்தது. மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். என்னைப்போல ஒரு ஈனப் பயல் இந்தக் கடலில் இருக்க மாட்டான்.

பிப்ரவரி 27

மேடம் தெற்குப் பாதையில் பதிவுசெய்த பாட்டை ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தார். என்னிடம் நீட்டி, "இதக் கேளு" என்றார். மூன்று சுரம். மௌனம். மறுபடி மூன்று சுரம். மௌனம்.

"பொட்டை பாட வேண்டிய எடத்த விட்டுட்டு விட்டுட்டுப் பாடுது பாத்தியா. நாம எடுத்தது இதோட ஜோடிதான்" என்றார். ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன். கழற்றினாலும் காட்டிலிருந்து நேராகவே கேட்டது. அந்தப் பாதையில் வேலை செய்யும் நேரம் முழுவதும் எனக்கு அது கேட்கிறது.

மார்ச் 3

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் ஒயர்லெஸ்ஸில் ஆய்வக முடிவு வந்தது. பறவைக்கு எந்த நோயும் இல்லை.

இப்போது கேள்வி என் பக்கம் திரும்பும் என்று நினைத்தேன். திரும்பவில்லை. மேடத்துக்கு என்மேல் சந்தேகம் என்பதே இல்லை. எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, அடுப்படிக்குப் போனார். சாப்பிட்ட தட்டைக் கழுவ எடுத்துக்கொண்டு நானும் பின்னால் போனேன்.

லூர்தக்கா தரையில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். மேடம் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். அவருக்கு முட்டி வலி, தரையில் உட்காரவே மாட்டார்.

"லூர்து, ஒன் கோழிக்கு ஒண்ணும் இல்லம்மா. நாந்தான் அவசரப்பட்டுட்டேன். தப்பு எம் மேலதான்."

லூர்தக்காவின் கை நின்றது. "அப்ப சீக்கு இல்ல" என்றாள்.

"இல்ல."

"நான் சொன்னேன்லா மேடம்."

"சொன்னே. நான் கேக்கல்ல. என்னய மன்னிச்சுரு." மேடம் இரண்டு கையையும் கூப்பினார். மீன் செதில் ஒட்டிய கையால் லூர்தக்கா அவசரமாக அதைப் பிடித்து இறக்கினாள்.

என் ஆசிரியர் தரையில் உட்கார்ந்து என் பொய்க்கு மன்னிப்புக் கேட்கிறார். நான் எச்சில் தட்டோடு நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். பேசியது தைரியத்தால் அல்ல, இனிப் பேசாமல் அங்கே நிற்க முடியவில்லை.

"அது வலையில செத்துச்சு மேடம்" என்றேன். "நான் போன்ல பேசிக்கிட்டிருந்தேன். வெயில் வந்துடுச்சு. மரத்தடியில கொண்டுபோய் நான்தான் வச்சேன்."

மேடம் திரும்பிப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கோழியப் புடிச்சுக் குடுக்கும்போதும் தெரியுமா ஒனக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியும் மேடம்."

லூர்தக்கா என் கையைப் பார்த்தாள். கொத்துக் காயம் ஆறி, மஞ்சள் கறை மட்டும் இருந்தது. அவள் ஆம்லெட்டைத்தான் நினைத்தாளோ என்னவோ, சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மேடம் சுவரைப் பிடித்து எழுந்தார். "கட்டுரையத் திருத்தணும். பேரையும் எடுத்துருதேன். வேற பேரு வைப்போம்."

"எடுக்காதிய மேடம்" என்றாள் லூர்தக்கா.

அவள் குரல் உயரவில்லை. மீனை எடுத்து மறுபடி ஆய ஆரம்பித்திருந்தாள். "அவரு பேரே இருக்கட்டும். அச்சுல வந்துட்டா பொறவு யாரும் மாத்த முடியாதுன்னு நீங்கதானே சொன்னிய. அந்தப் பறவையப் பத்தி யாரு பேசுனாலும் இவரு பேரச் சொல்லித்தானே ஆவணும். சொல்லட்டும். இவரும் கேக்கட்டும்."

மேடம் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி" என்றார்.

தட்டைக் கழுவி வைத்தேன். வேறு என்ன செய்வது.

மார்ச் 6

படகு வந்தது. மேடமும் நானும் கிளம்பினோம். சூசை அண்ணன் மேடத்தின் சாமானை ஏற்றிக் கொடுத்தார், என் பெட்டியை நானே ஏற்றினேன். லூர்தக்கா மேடத்துக்குக் கருவாடு கட்டிக் கொடுத்தாள். எனக்கும் கல்யாணத்துக்கென்று தருவதாக முன்பு சொல்லியிருந்தாள். தரவில்லை. ஞாபகம் இருந்திருக்கும்.

ஊருக்குப் போய்க் கோழி வாங்கி அனுப்புகிறேன் என்று சொல்ல நினைத்தேன். தீவுக்கு இனிக் கோழியே வரக் கூடாது, உத்தரவு உத்தரவுதான். அதுவும் இனி மாறாது.

படகு கிளம்பும்போது தெற்குப் பக்கத்திலிருந்து மூன்று சுரம் கேட்டது. இயந்திரச் சத்தத்தில் அடுத்த மௌனம் கேட்கவில்லை.

மார்ச் 15

மஞ்சுளாவிடம் எல்லாம் சொன்னேன். அழுதாள். "அன்னிக்கு நீங்க போனை வக்கறேன்னீங்க, நான்தான் இன்னும் கொஞ்சம் பேசுங்கன்னேன்" என்றாள். அவள்மேல் பழி போக விடக் கூடாது. பேச்சை வளர்த்தது நான்தான் என்றேன். "எங்கப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்று வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 19

கட்டுரை ஏற்றுக்கொள்ளப்பட்டது. அச்சுக்கு முந்திய பிரதியை மேடம் என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். இப்போதெல்லாம் அவர் என்னிடம் வேலை மட்டும்தான் பேசுகிறார்.

மாமனாரிடம் இத்தனை நாளும் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் அவரே கூப்பிட்டார்.

"மாப்ள, பேரு கன்ஃபார்ம் ஆயிடுச்சா? பத்திரிகைய அச்சுக்குக் குடுக்கணும். பறவையப் பத்தி ரெண்டு வரி வேணும்னு பிரஸ்காரர் கேக்கறாரு."

"ஆயிடுச்சு மாமா. அதுல என்ன எழுதியிருக்குன்னு தமிழ்ல சொல்றேன், கேளுங்க."

"சொல்லுங்க, சொல்லுங்க. எழுதிக்கறேன்."

பிரதியை எடுத்துப் படித்தேன். "இந்த இனத்துக்கு, மாதிரி உடலைக் கொண்டுவந்த தணிகைவேலின் பெயர் சூட்டப்படுகிறது. வலை கட்டிய அவர் அதைக் கவனிக்காமல் விட்டுச் சென்றதால் இப்பறவை வெயிலில் இறந்தது. அதை அவர் மறைத்ததால், நோய் என்று தவறாகக் கருதப்பட்டு, தீவில் வசிக்கும் லூர்தம்மாளின் கோழிகள் கொல்லப்பட்டன."

பேனா கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"அந்த ரெண்டு வரிய எடுக்கச் சொல்ல முடியாதா மாப்ள?"

"முடியாது மாமா. பேரு இருக்கற வரைக்கும் அதுவும் இருக்கும்."